ரிசல்ட் வரும்வரை பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பாதீர்கள்

ஓ லெவல் (சாதாரண தரம்) எழுதிய பிள்ளை இருக்கிற வீடுகளுக்காகவும், இந்த வருடம் எழுதப்போகிற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். பதிவு நீளம்தான், ஆனாலும் கடைசிவரை வாசியுங்கள், முடிந்தால் வீட்டில் அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம மலையகத் தோட்டப் பக்கத்தில் உயர்தரத்துக்கு (ஏ லெவல்) என்ன படிப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது குறைவு. அது தன்பாட்டில் முடிவாகிவிடுகிறது. பரீட்சை முடிந்த கையோடு பொடியன் மாமாவோடு புறக்கோட்டைக்கோ வெள்ளவத்தைக்கோ கடைக்குப் போகிறான். "ரிசல்ட் வர்ற வரைக்கும்தானே, சும்மா லயத்துல இருந்து என்னா செய்யப்போறான்" என்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள், இல்லாவிட்டால் கார்மென்ட்ஸுக்குப் போகிறாள். முதல் மாதச் சம்பளம் கைக்கு வருகிறது, ஒரு ஃபோன் வாங்குகிறான், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புகிறான், அந்தக் காசுக்கு வீடு பழகிப்போகிறது. அப்புறம் ரிசல்ட் வருகிறது. ஆறு பாடம் சித்தி, அதில் தமிழும் கணிதமும் இருக்கிறது, மூன்று சி இருக்கிறது, உயர்தரம் படிக்கப் போதுமான பெறுபேறு. ஆனால் முதலாளி லீவு தரவில்லை, அல்லது ஒரு நாள் லீவில் வந்து கூட்டாளி எந்தப் பிரிவுக்குப் பெயர் கொடுத்தானோ அதற்கே தானும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். இரண்டு வருடப் படிப்பும் அதற்குப் பிறகான வாழ்க்கையும் அந்த ஒரு நாளில் தீர்மானமாகிவிடுகிறது.

சில வருடங்களில் அந்த ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை. 2024இல் சாதாரண தரப் பரீட்சை முடிந்து சில வாரங்களிலேயே, பெறுபேறு வரும் முன்பே, உயர்தர வகுப்புகளைத் தொடங்கினார்கள். வீட்டில் பேசி வைத்திருந்த பிள்ளைகள் நேரே போய் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நம்ம பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த நேரம் கடையில் நின்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், பாடத்தெரிவு என்பது ரிசல்டுக்குப் பிறகு பேசுகிற விஷயமே இல்லை. பத்தாம் ஆண்டிலிருந்தே பேச வேண்டும், கடைசிக்குப் பரீட்சைக்கும் ரிசல்டுக்கும் நடுவில் இருக்கிற மாதங்களிலாவது பேசி முடிக்க வேண்டும்.

இதற்குப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பெடுக்கத் தொடங்கும்வரை பல தோட்டங்களில் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தாத்தா பாட்டி அங்கே நின்றார்கள், அம்மா அப்பா எட்டிலோ பத்திலோ நின்றார்கள். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு) போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற அம்மாவிடம் இணைந்த கணிதம் என்றால் என்ன, இசட் புள்ளி என்றால் என்ன என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கொழும்பில் படித்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கிற தகவலை நம்ம பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு பாடசாலைக்கும் படித்து வெளியே வந்த எங்களுக்கும்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தப் பாடம் என்பதற்கு முன்னால் எந்தப் பாடசாலை என்று பாருங்கள். அரசாங்கப் பாடசாலைகளில் 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருக்கும். 1சி என்றால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும். வகை 2 பாடசாலை பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும், வகை 3 ஆரம்பப் பிரிவு. தோட்டங்களுக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவை 1ஏபிக்குக் கீழேதான். அதனால் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று டவுனுக்குத்தான் போக வேண்டும், முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்னே எழும்ப வேண்டும், மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் பஸ் வராத நாட்களும் இருக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் பார்த்து, டவுனில் தங்கிப் படிக்க ஒரு சொந்தக்காரர் வீடு கிடைக்குமா என்று விசாரிக்கத்தான் அந்த மாதங்கள் இருக்கின்றன.

அப்புறம், போர்டில் பிரிவின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இந்த வருடம் மாற்றலாகிப் போகிறாரா, ஆய்வுகூடத்தில் தண்ணீரும் பொருளும் இருக்கிறதா, போன வருடம் அந்தப் பிரிவில் எத்தனை பிள்ளைகள் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே கிடையாது. பிள்ளையின் இரண்டு வருடத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரு அம்மா மகளோடு என்னைத் தேடி வந்தார். கொழுந்து எடுத்த விரல்கள் கறுத்துப்போயிருந்தன, கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்த ரிசல்ட் தாளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். விஞ்ஞானம் பி, கணிதம் சி, தமிழ் ஏ. "புள்ளய டொக்டருக்குத்தான் படிக்க வச்சிருக்கோம் டீச்சர், கெமிஸ்ட்ரிக்கு எங்க கிளாஸ் அனுப்புறது?" என்று கேட்டார். மகள் அப்போதே பன்னிரண்டாம் ஆண்டில் பாதி முடித்திருந்தாள். என்னென்ன பாடம் என்று கேட்டேன். உயிரியல், இரசாயனவியல், விவசாய விஞ்ஞானம். ஏன் பௌதிகவியல் எடுக்கவில்லை என்றேன். "எங்க ஸ்கூல்ல பிசிக்ஸுக்கு டீச்சர் இல்ல, எல்லாரையும் அக்ரிக்குத்தான் போட்டாங்க" என்றாள்.

மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். இவள் மூன்று ஏ எடுத்தாலும் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. விவசாய விஞ்ஞானம் நல்ல பாடம், அதை வைத்துப் போகக்கூடிய பட்டப்படிப்புகள் இருக்கின்றன, அதைத் தெரிந்து விரும்பி எடுத்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளை தெரிந்து எடுக்கவில்லை. அந்த அம்மா கேட்டார், "அப்ப ஏன் டீச்சர் இத யாருமே சொல்லல?" இந்தக் கேள்விக்கு மலையகத்தில் படிப்பிக்கிற ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதே மாதிரி இன்னொன்று கணிதப் பிரிவிலும் நடக்கிறது. இணைந்த கணிதம், பௌதிகவியல் இரண்டோடு இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கலாம். கம்ப்யூட்டர் பக்கம் போக நினைப்பவனுக்கு அது நல்ல தெரிவு. ஆனால் பொறியியல் பீடம் என்றால் இரசாயனவியல் இருந்தே ஆக வேண்டும். இன்ஜினியர் கனவோடு இருக்கிற பொடியன் "கெமிஸ்ட்ரி கஷ்டம்" என்று அதைக் கைவிட்டால் கனவையும் சேர்த்துத்தான் கைவிடுகிறான்.

ஆகவே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் அனுமதிக் கைநூல் ஒன்றை வெளியிடுகிறது, தமிழிலும் இருக்கிறது. எந்தப் பட்டப்படிப்புக்கு எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கும். மாவட்ட வாரியான வெட்டுப்புள்ளியையும், அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளியையும், அதே ஆணைக்குழு வெளியிடுகிறது. பிள்ளைக்கு என்னவாக ஆசை என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பாடங்களைப் பாருங்கள், பிறகு நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போன வருடம் என்ன வெட்டுப்புள்ளி என்று பாருங்கள். பல பட்டப்படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இடம் பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. கண்டிக்கும் கேகாலைக்கும் அந்த 5 வீதம் இல்லை. எட்டாத உயரம் என்று நினைத்த இடம் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருப்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

"லேசான பாடம்" பற்றியும் சொல்ல வேண்டும். இந்து நாகரிகம் எடு, எல்லாருக்கும் ஏ வரும் என்று அண்ணன்மார் சொல்வார்கள். பல்கலைக்கழக இடம் கொடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியை விட இந்தப் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று பார்த்துத்தான் அது வருகிறது. உதாரணத்துக்கு, ஒரு பாடத்தில் சராசரி 60, பிள்ளை எடுத்தது 65. இன்னொன்றில் சராசரி 40, எடுத்தது 58. பரவல் இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் 58தான் பிள்ளையை மேலே தூக்கும். எல்லாருக்கும் நன்றாக வருகிற பாடத்தில் உங்கள் பிள்ளைக்கும் நன்றாக வந்தால் அதில் பெரிய லாபம் இல்லை. எதை விரும்பி, நேரம் போவது தெரியாமல் படிக்கிறதோ அந்தப் பாடத்தை எடுக்க விடுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு, உயர்தரத்தோடு எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையில் (Common General Test) 30 புள்ளியாவது வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

கலைப் பிரிவைப் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. "ஒன்னும் வரல்லன்னா ஆர்ட்ஸுக்குப் போ" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். மலையகத்தில் இன்று படிப்பிக்கிறவர்களில் எத்தனையோ பேர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். சட்டம் படிக்கலாம், புவியியல், அரசியல் விஞ்ஞானம், ஊடகம் என்று எத்தனையோ வழி இருக்கிறது. காணி உரிமைக்கும் சம்பளத்துக்கும் வாதாட நமக்கு வக்கீல்கள் வேண்டும், நம்ம கதையை எழுத ஆள் வேண்டும். மிச்சம் மீதி என்று தள்ளிவிடப்பட்ட பிள்ளை எப்படி ஊக்கமாகப் படிக்கும்? வர்த்தகமும் அப்படித்தான். அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், பக்கத்து 1சி பாடசாலையிலேயே நல்ல கணக்கீட்டு ஆசிரியர் இருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம்.

தொழில்நுட்பப் பிரிவு 2013இல்தான் வந்தது, இன்னும் நம்ம பெற்றோர் பலருக்குத் தெரியாது. பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் என்று இரண்டு, அதற்கென்றே பட்டப்படிப்புகளும் இருக்கின்றன. ஓ லெவல் சரிவராத பிள்ளைக்கும் கதவு மூடவில்லை. 13 வருட உத்தரவாதக் கல்வியில் சித்தி இல்லாவிட்டாலும் பன்னிரண்டாம் ஆண்டுக்குப் போய்த் தொழிற்பாடங்கள் படித்து தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டம் எடுக்கலாம், அதிலிருந்து டிப்ளோமா, பிறகு 7ஆம் மட்டத்தில் பட்டம்வரை ஏணி இருக்கிறது. பெயிலான பிள்ளைகளின் வகுப்பு என்று அதை ஏளனமாகப் பேசுகிற பழக்கத்தை முதலில் ஆசிரியர்களாகிய நாங்கள் விட வேண்டும். கடையில் மூட்டை தூக்கி பத்து வருடம் கழித்தும் கையில் ஒரு சான்றிதழ் இல்லாமல் திரும்பி வருகிற பொடியன்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பிள்ளையின் கடைச் சம்பளம் சில வீடுகளில் அரிசிக்கும் கடனுக்கும் போகிறது. வேறு வழியே இல்லாமல் அனுப்பினாலும், போகும் முன்பே பாடத்தைப் பேசி முடித்து, வகுப்பு தொடங்கும் நாளில் வந்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் வாயால் சொல்லி வைத்து அனுப்புங்கள்.

தோட்டத்திலிருந்து கம்பஸ் போன தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவில் வருகிறீர்கள். ஒரு பின்னேரம் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ உங்கள் டிவிசன் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூப்பிட்டு, நீங்கள் என்ன பாடம் எடுத்தீர்கள், எங்கே தங்கிப் படித்தீர்கள், எவ்வளவு செலவானது என்று சொல்லுங்கள். தோட்டத் தலைவரிடம் சொன்னால் பெரட்டில் அறிவித்துவிடுவார். நாங்கள் வகுப்பில் பத்துத் தரம் சொல்வதை விட, அதே லயத்தில் வளர்ந்த ஒருத்தி ஒரு தரம் சொன்னால் ஒரு அம்மா நம்புவார்.

அனுமதிக் கைநூல் கிடைக்காதவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள். பிள்ளையின் பெறுபேறு, பக்கத்தில் இருக்கிற உயர்தரப் பாடசாலை, பிள்ளைக்கு என்னவாக ஆசை, இந்த மூன்றையும் எழுதினால் போதும். தேவையான பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன், பெற்றோர் பேச விரும்பினால் பின்னேரம் வேலை விட்டு வந்த பிறகு அழைக்கச் சொல்லுங்கள்.