பழவேற்காட்டில் கல்லறை உள்ளவர்களும் இல்லாதவர்களும்

சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு மூன்றாம் முறையாகப் போய்வந்தேன். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சாவு யாரையும் விடாது என்று உள்ளே வருபவருக்கு நினைவூட்டுவது அக்கால ஐரோப்பியர் வழக்கம். உள்ளே கிடக்கும் கற்பலகைகளில் குடும்ப இலச்சினைகளும், டச்சு எழுத்தில் இறந்தவரின் பெயரும் வயதும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, ஊர் திரும்பாமலே போன மனிதர்கள் என்று நினைக்கும்போது இரக்கம் வராமல் இல்லை.

1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்தே நடத்தியது. நம் நெசவாளர்கள் நெய்த துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் அவர்கள் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களும் கப்பலேறினார்கள். 1620களிலும் 1640களிலும் போரும் பஞ்சமும் இக்கரையை வாட்டியபோது, சோற்றுக்கு வழியின்றி விற்கப்பட்டவர்களையும் தங்களைத் தாங்களே விற்றுக்கொண்டவர்களையும் கம்பெனி விலைக்கு வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கு ஆயிரக்கணக்கில் அடிமைகளாக அனுப்பியது. பிடித்துக் கொடுத்தவர்களிலும் விற்றவர்களிலும் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்நியர் கல்லறையைப் பராமரிக்க நம் வரிப்பணம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொல்லியல் துறை இவ்விடத்தைப் பாதுகாப்பது சரியே. இக்கற்கள் அழிந்தால் அந்த வணிகம் இங்கே நடந்ததற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சியும் அழிந்துவிடும். ஆனால் வாங்கியவர்களின் பெயர் கல்லில் நிற்க, வாங்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட ஊரில் என் கண்ணில் படவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கும் பெயர் பொறித்து நடுகல் நட்ட மரபு நம்முடையது; பஞ்சத்தில் விலைபோனவர்களுக்கு நாம் ஒன்றும் நடவில்லை.

பெரிய மண்டபம் எதையும் நான் கேட்கவில்லை. அந்த எலும்புக்கூடுகளுக்கு அருகிலேயே, பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கும் உயரத்தில், எந்த ஆண்டுகளில், எந்தப் பஞ்சத்தில், எந்த ஊருக்கு இவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள் என்று தமிழில் எழுதிய ஒரு கல் போதும்.