12 நிமிடக் கூத்து

சனிக்கிழமை நடந்த எங்கட சனசமூக நிலையத்து ஆண்டு விழாப் படங்களை எல்லாரும் போட்டு முடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். விளக்கேற்றின படம் ஏழு பேர் போட்டிருக்கிறீர்கள். பொன்னாடைப் படம் அதைவிடக் கூட. கூத்துப் படம் ஒன்றையும் காணவில்லை. உங்களில் பிழையில்லை. போனை எடுத்துக் கமராவைத் திறக்க முதல் கூத்து முடிந்துவிட்டது.

எழுதுவதில்லை என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். நேற்று நிலையத்து வட்ஸ்அப் குழுவில் "சகல கலை நிகழ்வுகளும் சிறப்பாக நடந்தேறின" என்று ஒருவர் போட, அதற்குக் கீழே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்ததும் பொறுக்க முடியவில்லை.

எது நடந்தேறியது? அழைப்பிதழில் காத்தவராயன் கூத்துக்கு 7 மணி போட்டிருந்தது. 1 மணித்தியாலம் 10 நிமிடம் என்று பேசியிருந்தார்கள். அது மேடைக்கு வந்தபோது நேரம் 9.48. ஒலிபெருக்கிக்கு அனுமதி 10 மணிவரை. காப்புப் பாடி, முத்துமாரி அம்மன் வந்து ஒரு பாட்டுக்கு ஆடி முடிய மைக் நின்றது. இரண்டரை மாதம் பழகினவர்களுக்கு 12 நிமிடம்.

அந்த இரண்டரை மாதம் எப்படிப் போனது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மனாக வந்தவர் மேசன். சின்னானாக வரவிருந்தவர் ஓட்டோ ஓடுகிறவர். ஆரியமாலாவாக வரவிருந்தவர் பகல் முழுக்க வெங்காயத்துக்கு இறைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பழக வருவார். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு எழுபத்தெட்டு வயது. விடிய விடிய ஆடுகிற காத்தவராயன் கூத்தை 70 நிமிடத்துக்குள் அடக்கித் தாருங்கள் என்று கேட்டபோது அந்த மனுசன் கோபிக்கவில்லை. பென்சிலை எடுத்துத் தன்ர கொப்பியில் தானே வெட்டினார். ஒரு பாட்டை வெட்டுவார், பிறகு வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டு அழிறப்பரால் அழித்துத் திரும்பச் சேர்ப்பார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பழகினது எங்கே? நிலையத்து மண்டபத்தில் என்று நினைப்பீர்கள். இல்லை. கோயில் அன்னதான மண்டபத்தில். ஏனென்றால் நிலையத்துக்குப் போன வருடம் மாபிள் பதித்தாயிற்று. துள்ளுநடை ஆடினால் மாபிள் வெடிக்குமாம். சனசமூக நிலையத்தில் சனமும் இருக்கக்கூடாது, சமூகமும் இருக்கக்கூடாது, நிலையம் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நிலையத்துக்குக் காசு தந்த பிரதம விருந்தினர் 40 நிமிடம் கதைத்தார். அழிந்துபோகிற எங்கட பாரம்பரியக் கலைகளை இளம் தலைமுறையிடம் கையளிப்பது எப்படி என்பதுதான் பேச்சு. நல்ல பேச்சு, சும்மா சொல்லக்கூடாது. அந்த நேரம் மேடைக்குப் பின்னால் இளம் தலைமுறை முகத்தில் முத்துவெள்ளையோடு பாயில் நித்திரை.

பாலகாத்தானாக, அதாவது சின்ன வயதுக் காத்தவராயனாக, வரவிருந்த பெடியனைத்தான் சொல்கிறேன். வயது பதின்மூன்று. ஐந்து மணிக்கே ஒப்பனை முடிந்துவிட்டது. கலைந்துவிடும் என்று தண்ணிகூடப் பயந்து பயந்துதான் குடித்தான். கடைசிவரை அவன் மேடை ஏறவே இல்லை. தாய் வந்து தட்டி எழுப்பிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனா.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பவர்களுக்கு: 1992இல் அதே ஊரில், அதே அண்ணாவியாரிடம், நானும் பாலகாத்தான். எனக்கும் அப்போது பதின்மூன்று. மின்சாரம் இல்லாத காலம். பழைய வாசிகசாலைக்குள், சீமெந்து உடைந்த நிலத்தில், ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பழகினோம். மேடையேறின அன்று பெற்றோமக்ஸ் இரண்டு. முதல் பாட்டு முடிய அடுத்த வரி எனக்கு மறந்துபோயிற்று. சுத்தமாக மறந்துபோயிற்று. அண்ணாவியார் என்னைப் பார்க்கவே இல்லை. ஆர்மோனியத்தில் அந்த வரியின் மெட்டை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். வரி தானாக வாயில் வந்துவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது அந்த மெட்டு எப்போதாவது ஓடும். என்ன நிகழ்ச்சித் திட்டம் போட்டு, எத்தனை லட்சம் செலவழித்து இதை ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப்போகிறீர்கள்?

போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அண்ணாவியார் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனது அரிசியும் கூத்துக் கொப்பியும். ஆர்மோனியத்தைக் கொண்டுபோக வழியில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலையே இல்லை, ஆர்மோனியத்துக்கு எங்கே போவது. அதனால்தான் இப்போதும் பக்கத்து ஊரில் இரவல் வாங்குகிறோம்.

சரி, எனக்கு வரப்போகிற பதில்கள் தெரியும். முதலாவது: "காசு தந்தவரைக் கதைக்க வேண்டாம் என்று சொல்லலாமோ?" சொல்லச் சொல்லவில்லை. அவரில் எனக்குக் கோபமும் இல்லை. வெளிநாட்டில் குளிருக்குள் உழைத்த காசு, அதில்தான் மாபிளும் கூரையும் வந்தன. ஆனால் அவருக்கு முன்னால் ஆறு வாழ்த்துரை. ஆறு! அதில் மூன்று பேர் "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்கினார்கள். ஒருவருக்காவது துண்டு எழுதிக் கொடுக்க நிலையத்தில் ஆளில்லையா? எல்லாருக்கும் பயம். அடுத்த முறை நிலையத்து வாசல் கேற்றுக்குக் காசு வேண்டுமே.

இரண்டாவது: "இந்தக் காலத்துப் பெடியளுக்குக் கூத்துப் பிடிக்காது. பாதிச் சனம் எழும்பிப் போய்விட்டது." ஓம், போய்விட்டது. இரவு 9.48க்கு, கைப்பிள்ளைகளோடு, ஆறு வாழ்த்துரை கேட்ட சனம் எழும்பித்தான் போகும். நான் என்றாலும் போயிருப்பேன். எங்கட அப்பா நாடக நடிகர் காங்கேசன்துறை வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் பார்க்கச் சைக்கிளில் பத்து மைல் போய், விடியப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர். அந்த மனுசன் 1989இல் கண்ணை மூடியபோது வீட்டில் ஒருவர் செத்த மாதிரி அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அங்கே சனம் விடியவிடிய இருந்ததற்குக் காரணம் சனம் வேறை என்பதல்ல. திரை விலகினால் நாடகம் தொடங்கும். அவ்வளவுதான். திரை விலகி ஏழு பேர் விளக்குக் கொளுத்த மாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளின் சினிமாப் பாட்டு நடனத்துக்கு நான் எதிரி இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு அதையே பிடித்துக்கொள்வீர்கள். வடிவாக ஆடினார்கள். ஐந்து நடனம், ஒன்றையும் வெட்டவில்லை. எது வெட்டுப்படும் என்பதைத்தான் கேட்கிறேன். எப்போதும் ஒரே சாமான்தான் வெட்டுப்படுகிறது.

மூன்றாவது பதில்தான் உண்மையில் நோகிறது. "கூட்டத்துக்கு வராத ஆக்கள் முகநூலில் மட்டும் எழுதுவினம்." யாரைச் சொல்கிறார்கள் என்று விளங்குகிறது. நாலு வருடம் அந்த நிலையத்துக்குச் செயலாளராக இருந்தேன். காலையில் பேப்பர் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொண்டு அலைந்து எத்தனை அரை நாள் லீவு போயிற்று. வருடத்துக்கு ஒரு கூத்து, மாதத்துக்கு ஒரு வாசிப்பு, அதற்கு மண்டபச் சாவி ஊராரிடம் இருக்கவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "உமக்குக் கூத்துப் பைத்தியம்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. போயிருக்க வேண்டும்தான். சிரித்தவர்களும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

பெரிய இடத்தில் மட்டும் என்ன வாழுது? யாழ்ப்பாண நகரத்தில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் 11 மாடியில் கலாசார மையம் நிற்கிறது. 600 பேர் இருக்கக்கூடிய மண்டபம். 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயரை வைத்து, யாழ்ப்பாணம் என்ற சொல் எங்கே என்று நாங்கள் எல்லாரும் கொதித்து, கடைசியில் அதையும் முன்னால் சேர்த்தார்கள். நானும் பதிவு போட்டேன், மறைக்கவில்லை. பெயர்ப்பலகைக்கு அவ்வளவு சண்டை பிடித்த எங்களில் எத்தனை பேர் அதற்குள் என்ன மேடையேறுகிறது என்று கேட்டோம்? பெயர்ப்பலகை என்றால் உயிரையும் விடுவோம். எங்கட நிலையத்திலும் அதுதானே. கருங்கல்லில் பொன்னெழுத்து. கீழே நன்கொடையாளர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், தலைவர், செயலாளர், பொருளாளர். அங்கே கூத்தாடினவன் ஒருவனின் பெயராவது இருக்கிறதா? அண்ணாவியாரின் பெயரை அறிவிப்பாளர் மேடையில் பிழையாகச் சொன்னார், அதைத் திருத்தக்கூட ஒருவர் எழும்பவில்லை. நானும்தான்.

ஆனால் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மறக்கக்கூடாது. கூத்துக்கு நேரமில்லை, பொன்னாடைக்கு நேரம் இருந்தது. முழு ஒப்பனையோடு நின்ற ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். கௌரவமாம்.

மைக் நின்ற பிறகு அவரிடம் போனேன். ஏதாவது ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தம்பி, கழுமரத்தைக் கழட்டி உள்ளுக்கை வையுங்கோ, மழை கிழை பெய்தால் பழுதாப்போடும்" என்றார். கூத்தின் கடைசியில் காத்தவராயன் ஏறுகிற கழுமரம், மேசன் தம்பி ஒரு கிழமை மினக்கெட்டுச் செய்தது. அதில் ஒருவரும் ஏறவில்லை.

இதற்குக் கீழே வந்து "அருமையான பதிவு அண்ணா" என்று எழுதவேண்டாம். விழாக் குழு ஆக்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். இரவல் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்த ஓட்டோவுக்கு 1,800 ரூபா இன்னும் கொடுபடவில்லை. சின்னானாக ஆடவிருந்தவரின் ஓட்டோதான் அது. அவர் கேட்கமாட்டார். யார் கொடுக்கிறது என்று குழுவில் போடுங்கோ.