டொபி தின்றது யார்?

அந்தக் காலத்து டொபி, சொக்லட் விளம்பரங்களைப் பகிர்ந்து "எல்லோருடைய பால்யமும் இதுதான்" என்று உருகும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். வாய்ப்பாடு மறந்துவிட்டது, ஒரு டொபிப் பாட்டு மட்டும் அட்சரம் பிசகாமல் வருகிறது. அதுவும் சிங்களத்தில்.

இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது 1982இல். எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, டிவி வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. கறுப்பு வெள்ளை, கார் பெட்டரியில் ஓடும். பெட்டரி இறங்கிவிடும் என்று விளம்பரம் வந்ததும் டிவிக்கார மாமா நிறுத்தப் பார்ப்பார், நாங்கள் விட மாட்டோம். எங்களுக்கு விளம்பரம்தான் படம். டொபித் தாள் என்ன நிறம் என்பது கடைக்குப் போனால்தான் தெரியும்.

ஒளிபரப்புக் கோபுரம் நிற்பது நுவரெலியாவுக்கு மேலே, 2524 மீற்றர் உயரப் பீதுருதலாகலை உச்சியில். கண்டோஸ் சொக்லட் செய்வது கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில். கொக்கோ விளைவது மாத்தளை, கண்டிப் பக்கம். எல்லாம் நம்ம மலையில்தான். ஆனால் விளம்பரத்தில் டொபி தின்றது யார்? பளபளக்கும் சப்பாத்து போட்ட, வீட்டில் பிரிஜ் வைத்திருந்த பிள்ளைகள்.

நம்ம ஆட்கள் டிவி விளம்பரத்தில் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. தேயிலை விளம்பரத்தில் வந்தார்கள், முதுகில் கூடையோடு, முகமெல்லாம் சிரிப்போடு. அதைப் பார்த்து அம்மா சொன்னார்: "இவளுகள ஒருநாளும் அட்ட கடிச்சதில்ல போல."

விளம்பர டொபி எங்கள் கைக்கு வந்தது சம்பளம் போட்ட அன்றுதான், ஆளுக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் தோட்டக் கடைப் போத்தலில் இருந்த தோடம்பழ இனிப்பு. அதுவும் கடன் கொப்பியில் ஏறும். அதற்கு விளம்பரமே கிடையாது. ருசியில் அதுதான் மேல் என்பது என் கட்சி, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

1998இல் சக்தி டிவி வந்த பிறகு டொபி தமிழிலும் பேசத் தொடங்கியது. சந்தோஷம்தான். ஆனால் நான் பார்த்த வரை குரல்தான் மாறியது, முகங்கள் அதேதான். அதனால்தான் அந்த "எல்லோருடைய" என்பதில் எனக்கு இடிக்கிறது. தேயிலை தவிர வேறு எதையாவது விற்ற விளம்பரத்தில் ஒரு லயத்துப் பிள்ளையைப் பார்த்த ஞாபகம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.