ஃப்ளாரன்ஸ் டுவோமோ: உள்ளே போக டிக்கெட் வேண்டுமா?

பாஸ் வாங்காமல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரப் பேராலயமான டுவோமோவுக்குள் நுழைய முடியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. தேவாலயத்தின் உள்ளே போக கட்டணமில்லை. முகப்பு வாசலில் வரிசையில் நின்றால் போதும். பணம் கட்ட வேண்டியது குவிமாடம், மணிக்கூண்டு, ஞானஸ்நான மண்டபம், அருங்காட்சியகம், அடித்தளத்திலுள்ள சான்டா ரெபராட்டா என்ற பழைய தேவாலயத்தின் எச்சங்கள் ஆகியவற்றுக்குத்தான். குவிமாடத்தில் ஏறும் அனுமதி புருனெலெஸ்கி பாஸ் என்ற டிக்கெட்டில் மட்டும்தான் உண்டு. அதற்கு நேரம் முன்பதிவு கட்டாயம். 463 படிகள், லிஃப்ட் கிடையாது. ஏறும் வழி வடக்குப் பக்க வாசல். பாவம், சிலர் தெரியாமல் முகப்பு வரிசையிலேயே நின்று தங்கள் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். டுவோமோவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் டிக்கெட் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பாஸிலும் எவை அடக்கம் என்று நீங்களே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நாள் என்பதால், அங்கேயே திறப்பு நேரத்தையும் பார்த்துவிடுங்கள்.