ரப்பர் என்ன தயிரா என்று கேட்ட அண்ணாச்சிக்கு

மூன்று வாரமாகப் பொறுத்துப் பார்த்தேன், இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது. ஒரு பின் டயர், ஒரே ஒரு பின் டயர்! யமஹா ஆர்15 வண்டிக்கு 140/70 ஆர்17, 66எச், ரேடியல், டியூப்லெஸ். 140 என்பது மில்லிமீட்டரில் அகலம், 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், 17 என்பது ரிம்மின் அங்குலம்; மற்றதைப் பின்னால் சொல்கிறேன். இதைத் தேடி நம்ம திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன், பாளையங்கோட்டை மார்க்கெட், மேலப்பாளையம் என்று ஊரையே சுற்றிவிட்டேன். எங்கே போனாலும் ஒரே பதில்: "எல்லாம் ஒண்ணுதான் தம்பி."

எல்லாம் ஒன்று இல்லை அண்ணாச்சி. ஒன்றாக இருந்தால் இந்த ஆடியில் நானும் எங்க அக்கா மகனும் தென்காசி ரோட்டில் அப்படி வழுக்கியிருக்க மாட்டோம். குற்றாலத்தில் சீசன், ஆலங்குளம் தாண்டியதுமே சாரல் பிடித்துக்கொண்டது, நான் வேகமாகக்கூடப் போகவில்லை. முன்னால் போன மினி லாரி சட்டென்று நின்றது, பிரேக் பிடித்து லேசாகச் சாய்த்தேன், பின் சக்கரம் அப்படியே பக்கவாட்டில் ஓடியது. எப்படியோ காலை ஊன்றி நின்றுவிட்டோம். பையனுக்குப் பதினேழு வயது. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அன்றைக்கு ஓரமாக வண்டியை நிறுத்தி டயரைத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தினமும் நாங்குநேரிக்கு நாலுவழிச் சாலையில் நேர்கோடாக ஓட்டி ஓட்டி நடுப்பகுதி சப்பட்டையாகிவிட்டது, காடிக்குள் இருக்கிற தேய்மானக் குறி, அதாவது டயரை மாற்றச் சொல்கிற சின்ன மேடு, டயரின் மேல்பரப்போடு சமமாக வந்துவிட்டது. ஓரத்துப் பட்டன், அதாவது காடிகளுக்கு நடுவில் இருக்கிற ரப்பர் கட்டி, மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது. ஓரத்தைப் பார்த்தால் நல்ல டயர், நடுவைப் பார்த்தால் மொட்டை டயர். என் தப்புதான், முன்னாலேயே பார்த்திருக்கணும். சரி, உடனே மாற்றிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

முதல் கடையில் சைஸ் இருந்தது, பிராண்டும் நல்ல பிராண்டு. கடை வாசலில், நம்ம ஊர் வெயிலில், கம்பியில் மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதில் 3121 என்று இருந்தது. 2021ஆம் வருடம் 31ஆவது வாரம் செய்த டயர். ஐந்து வருடமாக எங்கே கிடந்ததோ, எத்தனை சித்திரை வெயில் குடித்ததோ! இது பழசு அண்ணாச்சி என்றேன். "ரப்பர் என்ன தயிரா தம்பி, புளிச்சுப் போவதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ரப்பர் புளிக்காது, ஆனால் இறுகும். வெயிலும் காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டை மாதிரி ஆக்கிவிடும். பட்டன் முழுசாக இருக்கும், பிடிப்பு இருக்காது, ஈர ரோட்டில்தான் அது தெரியும். நிழலில், குளுமையில் வைத்திருந்தால்கூட யோசிக்கலாம். வாசலில் காயப்போட்டதைப் புது டயர் விலைக்கு விற்பது என்ன நியாயம்? ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மருந்துக்குத் தேதி பார்க்கிறோம், பால் பாக்கெட்டுக்குத் தேதி பார்க்கிறோம், உயிரைத் தாங்குகிற டயருக்குத் தேதி கேட்டால் சண்டைக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

அடுத்த கடையில் வேறு கூத்து. 140 இல்லையாம். "160 போடும்வே, பின்னாலிருந்து பார்த்தா சும்மா தெறிக்கும்." என் கூட வந்த கூட்டாளியும் "போட்டுரு மக்கா" என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! 160/60 என்பது நாலரை அங்குல ரிம்முக்கு ஏற்றபடி செய்வது, என் வண்டி ரிம்முக்கு அவ்வளவு அகலம் கிடையாது. ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரண்டு பக்கமும் இறுக்கப்பட்டு நடுவில் கூம்பிக்கொள்ளும். அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ரோட்டில் படுகிற இடத்தைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். அது வேண்டாம் என்றதும் 150/60 எடுத்து நீட்டினார்கள். 140இல் 70 சதவீதம் 98 மில்லிமீட்டர், 150இல் 60 சதவீதம் 90 மில்லிமீட்டர். அதாவது வண்டியின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கிப்போகும். இறங்கினால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் இன்னும் சாய்ந்து படுத்துக்கொள்ளும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கத் தயங்கும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், கடைப் பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ தினமும் எங்கே ஓட்டுகிறாய், பாபநாசத்திலிருந்து காரையார் போகிற மலை ரோட்டில் ஏறுவாயா, பணகுடி ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிக் காற்றில் போவாயா, பின்னால் ஆள் உட்காருமா? ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் லுக்கு வேண்டும். இல்லாவிட்டால் மைலேஜ்.

மைலேஜ் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கடையில், "பயாஸ் போடு தம்பி, கட்டை ரப்பர், நாப்பதாயிரம் ஓடும், விலையும் பாதி" என்றார்கள். வேலைக்குப் போய்வருகிற நூறு சிசி வண்டிக்கு அது நல்ல டயர்தான், நான் மறுக்கவில்லை, எங்க அப்பா வண்டிக்கு அதைத்தான் போடுவேன். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்ததே முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல். ரேடியலில் டயருக்கு உள்ளே இருக்கிற நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், அதன் மேல் பெல்ட் சுற்றியிருக்கும், அதிக வேகத்திலும் சூடு குறைவு. பயாஸில் நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். 66 என்றால் 300 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று அர்த்தம். நான் 210இல் போகப் போவதில்லை. ஆனால் வண்டியைச் செய்தவன் எடை, வேகம், சூடு எல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்ததை மாற்றச் சொல்ல இவர்கள் யார்?

வயிறு எரிவது எங்கே என்றால், பக்கத்துக் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். மதுரைக்குப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர வண்டி டயர் செய்கிற பெரிய ஆலை இருக்கிறது. ரப்பர் ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம், நடுவில் இருக்கிற நெல்லைக்காரனுக்கு ஐந்து வருடப் பழைய சரக்கு! 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது, நான் கேட்ட கடையில் பழைய விலையையே சொன்னார்கள். பில் கேட்டால் அதற்குத் தனி முகச்சுளிப்பு.

சரி, ஆன்லைனில் வாங்கலாம் என்றால், "எங்ககிட்ட வாங்குனாதான் மாட்டுவோம்" என்கிறார்கள். மாட்டித் தருகிறேன் என்ற இடத்தில் போய்ப் பார்த்தேன், வேறு யாருடைய வண்டிக்கோ அலாய் ரிம்மில் நேரடியாகக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். ரிம் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். அதைவிடக் கொடுமை, டயரில் போட்டிருக்கிற அம்புக்குறி பின்னோக்கி இருந்தது. சுற்ற வேண்டிய திசைக்குத்தான் அந்த அம்பு, அதன்படிதான் காடி தண்ணீரை வெளியே தள்ளும். சொன்னேன். "ஓடும் ஓடும்" என்றார்கள். சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பேலன்ஸ் பார்ப்பீர்களா என்றால் "பைக்குக்கு எதுக்கு பேலன்ஸ், அதெல்லாம் காருக்கு" என்றார்கள்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கழற்றி, சாக்கில் கட்டி, விடியற்காலை பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே கடைக்காரர் நான் கேட்காமலே தேதியைக் காட்டினார், போன சித்திரையில் செய்தது. மெஷினில் மாட்டினார், பேலன்ஸ் பார்த்தார், வால்வையும் புதுசாக மாற்றினார். "புது டயர் மேல வழவழன்னு இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் சாய்க்காம ஓட்டுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினார். இவ்வளவுதானே ஐயா நான் ஊரெல்லாம் அலைந்து கேட்டது! இதற்கு ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ்ஸில் சக்கரத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போச்சு.

முன் டயரில் தேய்மானக் குறியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றியே ஆகணும். சாக்கைத் தூக்கிப் போடாதீங்க என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.