குழாயைத் திருத்தும் செலவு யாருடையது?

கொவிட் வைரசு வூஹான் ஆய்வுகூடத்திலிருந்து வந்ததா, சந்தையிலிருந்து வந்ததா என்ற சண்டை எங்கள் மட்டக்களப்பு நண்பர்களின் பதிவுகளில் இன்னும் ஓயவில்லை. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அரச பணத்தில் ஆபத்தான வைரசுகளை வைத்து ஆய்வு செய்பவர்களை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போய்விட்டது என்பதே என் ஆதங்கம்.

படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நினைவுக்கு வருவது வூஹான் அல்ல, இங்கிலாந்தின் சரே பகுதி. 2007 ஓகஸ்ட்டில் அங்குள்ள பண்ணை மாடுகளுக்குக் கால் வாய் நோய் வந்தது. வாயில் நுரை தள்ளி, குளம்பிடுக்கில் புண் வைத்து, புல்லுக்கு முன்னால் நின்றும் தின்ன முடியாமல் மாடு தவிப்பதைப் பட்டிக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பரிசோதித்தபோது, அது 1967 இல் பிரித்தானியாவில் பரவி, பின்னர் ஆய்வுகூடங்களில் மட்டுமே எஞ்சியிருந்த வைரசு வகை என்று தெரிந்தது. சில கிலோமீற்றர் தொலைவிலிருந்த பேர்பிரைட் வளாகத்தில், அரச நிதியில் இயங்கிய விலங்குநல ஆய்வு நிறுவகமும் தடுப்பூசி தயாரித்த தனியார் கம்பனியும் அதே வைரசைக் கையாண்டன. இரண்டின் கழிவுநீரும் பழுதடைந்த ஒரே நிலக்கீழ்க் குழாய்த்தொகுதி வழியாகத்தான் போனது. ஜூலைப் பெருமழையில் கசிவு மண்ணில் கலந்து, கட்டட வேலைக்கு வந்த வாகனங்களின் சில்லுகளில் ஒட்டி வெளியேறியிருக்க வேண்டும் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள்.

குழாய் பழுதாவது இயல்பு. ஆனால் அதைத் திருத்த வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தும், செலவை யார் ஏற்பது என்ற இழுபறியில் வேலை கிடப்பில் கிடந்திருக்கிறது. அந்த வளாகத்துக்கு அனுமதிப்பத்திரம் வழங்கியதும், அதைப் பரிசோதித்ததும், அங்கு நடந்த ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்ததும் ஒரே அரச திணைக்களம். பட்டிக்கு வேலி அடைத்தவனே வேலி உறுதியானது என்று சான்றும் கொடுத்த கதைதான்.

அமெரிக்காவிலும் இதே கோளாறு இருந்தது. வைரசுகளை மேலும் வீரியமாக்கக்கூடிய சில ஆய்வுகளுக்கான நிதியை 2014 இல் நிறுத்தி வைத்த அந்த அரசாங்கம் 2017 இல் தடையை நீக்கியது. ஆனால் எந்த ஆய்வை மேலதிகப் பரிசீலனைக்கு அனுப்புவது என்பதை நிதி வழங்கும் நிறுவனமே தீர்மானித்தது. அமெரிக்க அரச நிதியிலிருந்து வூஹான் வைரசு ஆய்வு நிறுவகத்துக்குச் சுமார் 6 இலட்சம் டொலரைக் கைமாற்றிய ஈகோஹெல்த் என்ற அமெரிக்க அரசு சாரா அமைப்பு 2019 இல் தர வேண்டிய ஆண்டறிக்கையை 2021 இல்தான் கொடுத்தது என்பதை அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்காய்வு 2023 இல் வெளியிட்டது. கிராமத்துச் சங்கத்தில் சுழற்சிக் கடன் எடுத்தவர் இரண்டு வருடம் கணக்குக் காட்டாவிட்டால் நாம் சும்மா இருப்போமா?

ஆய்வையே நிறுத்து என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் மாடுகளுக்குப் போடும் தடுப்பூசிக்காக யாரோ ஒருவர் எங்கோ அந்த வைரசை வளர்க்கத்தான் வேண்டும். பணம் தருபவரும் பரிசோதிப்பவரும் வேறுவேறாக இருக்க வேண்டும், விபத்து நடந்தால் மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இது நடக்காத காரியமல்ல. 1987 இல் கிழக்கின் மாடுகளையும் எருமைகளையும் வாரிக்கொண்டு போன வெக்கை நோய், 2011 இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு எந்த ஆய்வுகூடம் அந்த வைரசை வைத்திருக்கலாம் என்பதைச் சர்வதேச அமைப்புகளே தீர்மானிக்கின்றன. தன்னிடமிருந்த வெக்கை வைரசு மாதிரிகளின் மரபணு வரிசையைப் பதிவு செய்துகொண்டு, 2019 இல் அவற்றை எரித்து அழித்தது அதே பேர்பிரைட் நிறுவகம்தான்.