சோகப் பாட்டு கேட்டால் மனச்சோர்வு வருமா? சுற்றும் தகவல் தவறு

“இரவில் சோகப் பாட்டு கேட்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு நோய் வரும், ஹெட்போனைப் பிடுங்கி வையுங்கள்” என்றொரு செய்தி பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

மனச்சோர்வு ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை. உடற்கூறு, இழப்பு, வேலையின்மை, தனிமை எனப் பலதும் சேர்ந்தே வருகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் பெர்லின் ஆய்வாளர்கள் இருவர் சோக இசை பற்றி 772 பேரிடம் கேட்டார்கள். சோக இசை அதிகம் எழுப்பும் உணர்வு துயரம் அல்ல, பழைய நினைவுகளின் ஏக்கம் என்று தெரிந்தது. ஊரை விட்டு வந்து பி.ஜி. விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஏக்கமே துணையாக இருக்கலாம். அதைப் பிடுங்குவது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

ஏற்கெனவே துவண்டிருப்பவர் பாட்டோடு சேர்த்துக் கவலையையும் அசைபோட்டுக்கொண்டே இருந்தால் மனம் இன்னும் கனக்கலாம், அது மெய். ஆனால் கவனிக்க வேண்டியது பாட்டை அல்ல, பிள்ளையை. தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் இரண்டு வாரமாகக் குறைந்திருக்கிறதா? அப்படியென்றால் உதவி தேடுங்கள்: ஓசூர் சாலையில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.